ஃபைல் மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை

என், ஆர், எல், அரைப்புள்ளி, பி, ஈ, எச், கடைசியில் பெரிய எல். இந்த வரிசையில் கீபோர்டில் அடித்து, அதற்குப் பாமினி என்ற எழுத்துருவைக் கொடுத்தால் திரையில் 'செட்டிநாடு' என்று தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் மறுபடியும் என், ஆர், எல். கம்ப்யூட்டரின் கணக்கில் அந்த இடத்தில் செட்டிநாடு என்ற சொல் ஒருநாளும் இருந்ததில்லை. எட்டு ஆங்கிலக் குறிகள் இருந்தன, அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருந்தோம், அவ்வளவுதான்.

காரைக்குடியில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை, பார்க்கிறேன். பத்திரிகை, மொய் நோட்டு, கோவில் மலர், சாந்திக் கல்யாணப் புத்தகம் என்று கையில் வந்ததையெல்லாம் அடித்திருக்கிறேன். இப்போது புது வேலையைவிடப் பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு ஆச்சி பிஸ்கட் டப்பாவோடு வந்தார்கள். உள்ளே ஏழு ஃபிளாப்பி, ஒரு பென்டிரைவ். அவர்கள் வீட்டுச் செட்டியார் ஓய்வுபெற்ற பிறகு முகப்பில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்து தாமே அடித்தவை: வம்சாவளி, ஊர்ப் புள்ளிப் பட்டியல் (ஊரில் உள்ள குடும்பங்களின் பட்டியல்), மூன்று கல்யாணத்து மொய்க் கணக்கு, 1942-ல் பர்மாவை விட்டு வந்த கதை.

"புது ஃபார்மட்டுக்கு மாத்திக் குடுத்துட்டாக தம்பி. ஆனா பேரன் சிங்கப்பூர்ல போன்ல திறந்தா ஒரே இங்கிலீஷா வருதாம்" என்றார்கள்.

பென்டிரைவைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் டாக்எக்ஸ். யாரோ ஒருவர் ஒவ்வொரு டாக் ஃபைலையும் புதிய வேர்டில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, புதிய வடிவில் சேமித்திருக்கிறார். அவர் செய்ததில் பிழையில்லை. ஆனால் அது பாதி வேலை. ஃபைலை மாற்றுவது வேறு, அதற்குள் இருக்கும் எழுத்தை மாற்றுவது வேறு. தமிழில் பழைய கோப்புகளை வைத்திருக்கிற எவருக்கும் இந்த இரண்டும் சேர்ந்த வேலைதான் காத்திருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் பொறுமைதான்.

முதலில் ஃபைல். வேர்டு 97 முதல் 2003 வரை நாம் சேமித்த டாக் என்பது மூடிய பெட்டி மாதிரி. எழுத்து, அளவு, படம், அட்டவணை எல்லாம் இரும எண்களாக, அதைச் செய்த நிறுவனம் வைத்த ஒழுங்கில் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும். வெளியார் அதைப் படிக்கும் மென்பொருளைப் பெரும்பாலும் தட்டித் தடவித்தான் எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த அமைப்பின் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது 2008-ல். அதற்குள் டாக்எக்ஸ் வந்துவிட்டது. எக்மா அமைப்பு 2006-ல் அதைத் தரமாக ஏற்றது, 2007 ஆபீஸில் அது இயல்பான வடிவம் ஆனது, 2008-ல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது.

டாக்எக்ஸ் திறந்த பெட்டி. ஒரு நகல் எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஃபோல்டர்கள் இருக்கும். 'வேர்டு' என்ற ஃபோல்டரில் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. நோட்பேடில் திறந்தால் நீங்கள் அடித்த வரிகள் கண்ணுக்கு நேரே நிற்கும்; ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்புதான் பின்னால் நமக்குக் கைகொடுக்கப் போகிறது. ஆகவே அந்த முதல் வேலையைச் செய்தவரை நான் குறை சொல்லவில்லை. எழுத்தை மாற்றுவதற்கு முன் ஃபைலை டாக்எக்ஸ் ஆக்குவதுதான் சரியான வரிசை.

மிகப் பழைய டாக் ஃபைல்களைப் புதிய வேர்டு திறக்க மறுக்கலாம். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து அழித்துவிட வேண்டாம். பழைய வடிவங்கள் வழியே தீங்கு நிரல் வரக்கூடும் என்பதால் போட்ட பூட்டு அது. 'ட்ரஸ்ட் சென்டர்' அமைப்பில் 'ஃபைல் பிளாக்' என்ற இடத்தில் தளர்த்தலாம். வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டிவிட வேண்டும். அதைவிடச் சுலபம் லிப்ரே ஆபீஸ். இலவசம், பழைய வடிவங்களில் பலவற்றைத் திறக்கும், ஒரு ஃபோல்டர் நிறைய டாக் இருந்தாலும் ஒரே கட்டளையில் டாக்எக்ஸ் ஆக்கித் தரும்.

இனி எழுத்து. இங்கேதான் நாம் பட்ட பாடு இருக்கிறது.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. 256 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் மட்டும் இருந்தது. ஆங்கில எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தால் திரையிலும் தாளிலும் தமிழ் வந்துவிடும் என்று கண்டுகொண்டோம். ஆனால் எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வைத்தார்கள். பாமினியில் 'க' இருக்கும் இடத்தில் வானவில்லில் வேறொன்று இருக்கும். ஸ்ரீலிபி தனி, இளங்கோ தனி, மயிலை தனி. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறக்க முடியாது. காரைக்குடியில் அடித்த பத்திரிகையைத் தேவகோட்டையில் திருத்த வேண்டுமென்றால் ஃபிளாப்பியில் எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவோம்.

இதை ஒழுங்குபடுத்த நல்ல முயற்சிகள் நடந்தன. இணையத்தில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியேற்றத்தை, அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற பொது ஒழுங்கை, உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக்கியது. டாம் கட்டம் முழுவதையும் தமிழுக்கே எடுத்துக்கொண்டது. டாப் கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு மேல்பாதியில் தமிழை வைத்தது. இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றலாம். மாற்றும் நாளில் இதுதான் பெரிது. டாப், டிஸ்கி இரண்டிலும் தமிழோடு கலந்த ஆங்கிலச் சொற்கள் தப்பிக்கும். பாமினியிலும் டாமிலும் தப்பிக்காது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியேற்றம் யூனிகோட். அதில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. ஆனால் அதை ஒழுங்காகக் காட்டும் விண்டோஸ் வந்தது 2000-ல், லதா என்ற எழுத்துருவோடு. அதற்குப் பிறகும் அச்சுத்தொழில் உடனே மாறவில்லை. பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் யூனிகோட் தமிழை உடைத்துக் காட்டியதால் நாங்களும் பழைய எழுத்துருவையே பிடித்துக்கொண்டிருந்தோம். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடையும், அது வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ் 16 என்பதையும் தரமாக அறிவித்தது. ஆக, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அந்தக் காலம் வரை செட்டிநாட்டு வீடுகளிலும் கோவில்களிலும் அடித்து வைத்தவற்றில் பெரும்பங்கு, எழுத்துரு இல்லாவிட்டால் படிக்க முடியாதவை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஃபைல்களில் இருக்கும் பிழை எப்படிப்பட்டது என்று பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். எல்லாம் பாமினிக் கணக்கு; நம் பக்கத்தில் வீட்டில் அடித்தவர்களிடம் அதிகம் பார்த்தது அதுதான்.

பாமினியில் சின்ன எஃப் என்றால் 'க'. பெரிய எஃப் என்றால் 'கு'. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. பெரும்பாலான உயிர்மெய்க்கு இப்படித்தான். வேர்டு என்ன செய்யும்? நாம் அடிப்பது ஆங்கிலம் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. புள்ளி வைத்து இடம் விட்டால் வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். நகரத்தார் பெயர்களில் புள்ளிக்கா பஞ்சம்? பழ., கரு., சித., ராம., அள. என்று முன்னெழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த வீட்டுப் பிள்ளை என்பதே அதில்தான் தெரியும். 'பழ.' என்று அடித்து, இடம் விட்டு, 'கண்ணப்பன்' என்று அடித்தால், கண் மூடித் திறப்பதற்குள் அது 'குண்ணப்பன்' ஆகியிருக்கும். பழனியப்பன் 'புழனியப்பன்' ஆவார்.

இன்னொரு தானியங்கித் திருத்தம், சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தால் இரண்டாவதைச் சின்னதாக்குவது. பாமினியில் 'முருகப்பன்' பெரிய கே, பெரிய யு என்று தொடங்கும். வேர்டு அந்த யுவைச் சின்னதாக்கும். கிடைப்பது 'முரகப்பன்'. குருசாமி 'குரசாமி' ஆவார். அடித்தவர் கவனித்து ஐந்து இடத்தில் திருத்தியிருப்பார், ஆறாவது இடத்தில் தவறவிட்டிருப்பார். பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மென்பொருளுக்கு மாற்றி என்று பெயர். அதைக் கொண்டு யூனிகோடாக்கினால் இந்தப் பிழைகள் அப்படியே வந்து சேரும். மாற்றியைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் கண்ணில் 'முரகப்பன்' என்பதும் நல்ல சொல்தான்.

அகர வரிசையும் அப்படியே. ஆச்சி கொண்டுவந்த புள்ளிப் பட்டியலைச் செட்டியார் ஒரு தடவை வேர்டின் 'சார்ட்' பொத்தானால் வரிசைப்படுத்தியிருக்கிறார். நாச்சியப்பன் முதலில் வருகிறார், பிறகு கண்ணப்பன், பிறகு பழனியப்பன், மாணிக்கம், அழகப்பன். ஏனென்றால் அடியில் இருப்பது ஈ, எஃப், ஜி, கே, எம். அடுத்து லெட்சுமணன், மெய்யப்பன், தேனப்பன் எல்லோரும் ஒரே கூட்டமாக நிற்கிறார்கள். காரணம், பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கொம்பு வைத்த பெயர் அத்தனையும் என் என்ற விசையில்தான் தொடங்கும். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஓரத்தில், 'வரிசை சரியில்லை, பிறகு பார்க்கணும்' என்று ஒரு குறிப்பு அடித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் எவ்வளவு முயன்றிருந்தாலும் அந்த ஃபைலில் அது முடிந்திருக்காது.

கொம்பு முதலில் வரும் இந்த ஏற்பாடுதான் மாற்றும் வேலையின் நடுமையம். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமித்தன. 'கோவில்' என்றால் இரட்டைக்கொம்பு, க, கால், வ, விசிறி, ல, புள்ளி என்று இடமிருந்து வலமாக. யூனிகோட் உச்சரிக்கிற வரிசையில் சேமிக்கிறது: க, அதன் மேல் ஓகாரக்குறி, வ, இகரக்குறி, ல, புள்ளி. ஆகவே மாற்றி ஒவ்வொரு குறிக்கும் நேர்க்குறி வைத்துக்கொண்டே போனால் போதாது. கொம்பைப் பார்த்ததும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யைத் தாண்டி, அதற்குப் பின் கால் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கி ஓகாரமாக வைக்க வேண்டும். நல்ல மாற்றிகள் இதைச் சரியாகவே செய்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர் இரண்டையும் நான் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். தமிழுக்கு இவர்கள் இலவசமாகச் செய்து கொடுத்த உதவி பெரிது.

ஆனாலும் ஒரு எழுத்தில் எந்த மாற்றியும் திணறும். அது ஔகாரம். 'கௌ'வின் கடைசிக் குறியும் 'ள' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. பழைய எழுத்துருவில் கொம்பு, க, ள என்று அடித்துவிடுவோம். அந்தக் கடைசிக் குறி ஔகாரத்தைச் சேர்ந்ததா, தனி 'ள' எழுத்தா என்று மாற்றி எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் சிக்காது. கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌந்தரம், கௌசல்யா என்று நம் வீட்டுப் பெயர்களிலும் கோவில் நாள்களிலும் வரும் சொற்களைத் தனியே எடுத்து, கெள, மெள, பெள, செள என்று தேடி, ஒவ்வொன்றாகத் திருத்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டிஸ்கிக் கோப்புகளில் வேறொரு இழப்பு. அதில் 'இ' முதலில் உட்கார்ந்திருந்த 173-ஆம் இடம், கம்ப்யூட்டர்களின் பொது வழக்கில் வரி உடையும்போது மட்டும் தெரியும் மென்மையான இடைக்கோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அதைத் தேவையற்றது என்று விழுங்கிவிடும். 'இளையாத்தங்குடி' என்பது 'ளையாத்தங்குடி' என்று நிற்கும். அதனால்தான் பிந்திய பதிப்பில் 'இ'க்கு வேறோர் இடமும் கொடுத்தார்கள். சொல்லின் தொடக்கத்தில் இகரம் மட்டும் காணோம் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இப்போது வேலையின் வரிசை.

ஃபிளாப்பி இருந்தால் முதலில் அதன் மூலையில் இருக்கும் சின்னத் தகட்டை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்படி வைத்தால் அதில் எதுவும் எழுதப்படாது. யுஎஸ்பியில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் இன்னும் கிடைக்கிறது, 3.5 அங்குல ஃபிளாப்பிக்குப் போதும். சோனி நிறுவனம் 2011-ல் ஃபிளாப்பி விற்பனையை விட்டுவிட்டது. நம்மிடம் இருப்பவை எல்லாம் வயதானவை. ஒரு தடவை படித்துவிட்டால் மறுதடவை படிக்கும் என்று உறுதியில்லை. எனவே திறந்து பார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் நகலெடுங்கள். ஆச்சியின் ஏழில் ஐந்து முழுதாகப் படித்தது. ஒன்று மூன்றாவது முயற்சியில். ஒன்று படிக்கவே இல்லை.

அடுத்து, எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது. ஃபைலை வேர்டில் திறந்து, புரியாத எழுத்தின் நடுவே கர்சரை வைத்தால், எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் மேலே உள்ள பெட்டியில் அதன் பெயர் வரும். பெயர் தெரியாத நிலையில் எழுத்தின் சாயலைப் பார்க்கலாம். நாலு எழுத்துக்கு ஒரு அரைப்புள்ளி தலைகாட்டினால் பாமினியாக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. தமிழில் புள்ளி வைத்த எழுத்து அவ்வளவு. தலையில் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளாக நிறைந்திருந்தால் டிஸ்கி, டாப் போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். அடித்தவரோ அவரோடு வேலை பார்த்தவரோ இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். 'அப்ப எந்தக் கடையில போட்டீங்க அண்ணே?' என்ற ஒரு கேள்வி அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அதன் பிறகு மாற்றுவது. நான் தொடக்கத்தில் செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு குடும்ப வரலாற்றை முழுசாகத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, மாற்றியில் ஒட்டி, வந்ததைத் திரும்ப ஒட்டிவிட்டேன். அதில் பர்மா முகவரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. 'ரங்கூன்' என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் 'சுயபெழழ' என்று ஆகி, பின்னால் ஒரு கொம்பு அநாதையாகத் தொங்கியது. மாற்றிக்கு ஆங்கிலம் எது, தமிழ்ச் சட்டை போட்ட ஆங்கிலம் எது என்று தெரியாது; எழுத்துருவின் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும், அந்தப் பெயரோ நகலெடுத்து ஒட்டும்போது உதிர்ந்துவிடுகிறது.

டாக்எக்ஸின் உள்ளே துண்டுக்குத் துண்டு எழுத்துருக் குறிப்பு இருக்கிறது என்று முன்னே சொன்னேன் அல்லவா, அது இங்கே உதவுகிறது. பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றி, டைம்ஸ் நியூ ரோமன் என்று குறித்தவற்றைத் தொடாமல் விடும்படி ஒரு சின்ன மேக்ரோ, அதாவது வேர்டுக்குள்ளேயே ஓடும் நிரல், எழுதிக்கொள்ளலாம். பைதான் என்ற நிரல்மொழி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ஓப்பன் தமிழ் என்ற திறமூலத் தொகுப்பில் பல பழைய குறியேற்றங்களை மாற்றும் வசதி இருக்கிறது. ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வேர்டு ஒரே சொல்லைக்கூடக் காரணம் தெரியாமல் இரண்டு மூன்று துண்டாக வெட்டி வைத்திருக்கும். ஒற்றைக்கொம்பு ஒரு துண்டில், அதற்குரிய 'ம' அடுத்த துண்டில். தனித்தனியே மாற்றினால் 'மெய்யப்பன்' உடைந்துபோவார். பக்கத்துப் பக்கத்தில் ஒரே எழுத்துருவில் இருக்கும் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றியபின் தடித்த எழுத்தும் அளவும் காணாமல்போனால் திகைக்க வேண்டாம். வேர்டு தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற தனிக் கணக்கில் வைக்கிறது. அளவு, தடிமன், எழுத்துரு மூன்றுக்கும் அங்கே தனிக் குறிப்பு. பழைய ஃபைலில் எல்லாம் ஆங்கிலக் கணக்கில் இருந்ததால் இந்தப் பக்கம் காலியாக இருக்கும். அதையும் நிரப்ப வேண்டும்.

பிறகு பிழை பார்ப்பது. புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் எங்கே தெரிகிறதோ அங்கே ஏதோ ஒரு கொம்போ காலோ தன் எழுத்தை இழந்து நிற்கிறது என்று பொருள். அவற்றைத் தேடித் திருத்தலாம். பெயரும் தொகையும் இருக்கும் பக்கங்களை இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் பழைய தாளைப் படிக்க மற்றவர் திரையைப் பார்க்க, வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். மொய்க் கணக்கில் இது கட்டாயம். கொடுத்ததைத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அது.

கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். செட்டிநாட்டுப் பேரேடுகளில் வருடம், மாதம், நாள், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் இவற்றுக்கு நீட்டி எழுதும் குறிகள் இருந்தன: ௵, ௴, ௳, ௶, ௷, ௸, ௹. யூனிகோடில் இவை சேர்ந்தது 2003-ல். காணி, முந்திரி, மா போன்ற பின்னக் குறிகள் வந்தது 2019-ல், தமிழ்த் துணைநிரல் என்ற தனித் தொகுதியாக, 51 குறிகளோடு. அதனால் அதற்கு முன் இசைகுடிமானத்தையோ (கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம்) பழைய பேரேட்டையோ பார்த்து அடித்தவர்கள் குறி வரும் இடத்தில் ஸ்கேன் செய்த சின்னப் படத்தை ஒட்டியிருப்பார்கள், அல்லது யாரிடமாவது சொல்லி எழுத்துருவில் தனியாக வரைந்து வாங்கியிருப்பார்கள். எந்த மாற்றிக்கும் இது தெரியாது. 320-ல் ஒரு பங்கான முந்திரியின் இடம் வெற்றிடமாகவோ வேறு எழுத்தாகவோ வந்து நிற்கும். பின்னம் வரும் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிடாமல் விடக்கூடாது.

கோவில் மலர்களின் கதை வேறு. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களிலும் ஊர்க் கோவில்களிலும் குடமுழுக்கு நடக்கும்போது மலர் போடுகிறோம். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த குடமுழுக்கு. அப்போது முன்னவர்கள் எழுதிய தல வரலாறும் திருப்பணிப் பட்டியலும் மறுபடி தேவைப்படும். 2000-வாக்கில் செய்த மலர் என்றால் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் இருக்கும். அதன் கடைசிப் பதிப்பான ஏழு வந்தது 2001-ல். அடோபியின் இன்டிசைனில் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி 2012-ல் வந்த சிஎஸ்6 வரைதான். அதாவது அந்த மலருக்கு அடுத்த குடமுழுக்கில் அது திறந்திருக்கும், அதற்கு அடுத்ததில் திறக்காது. லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கரைத் திறக்க முயலும், பக்க அமைப்பு கலைந்தாலும் வாசகம் பெரும்பாலும் கிடைக்கும். நம் தேவைக்கு வாசகம் கிடைத்தாலே போதும்.

"பிடிஎஃப் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பிடிஎஃப் இருப்பது நல்லது. எழுத்துரு உள்ளேயே பதிந்திருப்பதால் கண்ணுக்கு எப்போதும் சரியாகத் தெரியும், அச்சடிக்கலாம். ஆனால் ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. வரியை நகலெடுத்து ஒட்டுங்கள், என், ஆர், எல் என்றுதான் வரும். மூலக் கோப்பு தொலைந்து பிடிஎஃப்போ தாளோ மட்டும் இருந்தால், அதைப் படமாக்கி, டெசராக்ட் போன்ற எழுத்துணரி கொண்டு படிக்கவைத்து, பிறகு கையால் திருத்தலாம். தெளிவான அச்சாக இருந்தால் நன்றாகவே வருகிறது.

நான் கொடுத்தனுப்பும்போது நான்கும் கொடுக்கிறேன்: ஃபிளாப்பியில் இருந்த மூலம் அப்படியே, அதன் பழைய தேதியோடு; அந்தப் பழைய எழுத்துரு; யூனிகோடில் மாற்றிய டாக்எக்ஸ்; பழைய எழுத்துருவில் எப்படித் தெரிந்ததோ அப்படியே எடுத்த பிடிஎஃப். மாற்றியதில் நான் விட்ட பிழையை நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் எதோடு ஒப்பிடுவது? அதற்குத்தான் மூலமும் பிடிஎஃப்பும்.

ஆச்சியின் வேலை முடிய இருபது நாள் ஆனது. பட்டியலை இப்போது வரிசைப்படுத்தினால் அழகப்பன் முதலில் வருகிறார். வம்சாவளிப் படம் மட்டும் சரியாக வரவில்லை. பெரியவர் அதைப் பெட்டி பெட்டியாக வரைந்து கோடு போட்டிருந்தார். டாக்எக்ஸ் ஆனதில் கோடுகள் ஒரு பக்கம், பெட்டிகள் ஒரு பக்கம் என்று நகர்ந்துவிட்டன. யாருக்கு யார் பிள்ளை என்று ஃபைலை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆச்சியை வரச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, "இவுக எங்க மாமனாரோட சின்னையா மகன், பிள்ளைகூட்டிப் போனவுக, அதனால இந்த வீட்டுக் கோட்டுல போடாதீக தம்பி, அந்தப் பக்கம் போடுங்க" என்று ஒவ்வொரு பெட்டிக்கும் இடம் சொன்னார்கள். பிள்ளைகூட்டுவது என்றால் தத்து எடுப்பது. ஐந்து தலைமுறை, ஒரு தாளைப் பார்க்காமல். நடுவில் திரையில் 'முரகப்பன்' என்று ஒன்று வந்தது. நான் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். ஆச்சி விரலை வைத்து நிறுத்தினார்கள்.

"அது எங்க ஐயா பேரு. முருகப்பன்."

தேடிப் பார்த்தேன். இன்னும் நான்கு இடத்தில் இருந்தது. நான்கையும் அவர்கள் கண்முன்னே திருத்தினேன்.